நீர் புகாத பை

முப்பத்தெட்டு ரூபாய்.
அதுவும் கைக்கு வராத முப்பத்தெட்டு.
ஐயாயிரம் சேர்ந்தால்தான் வங்கிக்குப் போடுவோம் என்று
எங்கோ ஒரு நாட்டில் யாரோ எழுதிவைத்த விதி.
அதை நான் வாசித்தது நாலாம் மாதம்.

அதற்கு முதல்
ஒரே நாளில் நாற்பத்தொரு இணைப்புகள் போட்டேன்.
முடி எண்ணெய், கோழிக்கூட்டு வலை, நடைவண்டி,
எதில் வீதம் கூடவோ அதில் என் வாய் இனித்தது.
உவர்மலையில் வாடகை அறை, ஒரு மேசைவிசிறி,
மூலை வெடித்த போன்.
அங்கே இருந்துகொண்டு
"நான் தினமும் பாவிப்பது" என்று எழுதினேன்
என்னிடம் இல்லாத பன்னிரண்டு சாமான்களைப் பற்றி.

பஸ் நிலையத்து மான்களைப் பார்த்திருப்பீர்கள்.
பழத்தோல், லன்ச் சீற், கிழிந்த லொத்தர்,
எதைக் கொடுத்தாலும் தின்னும்.
என் ஆட்களையும் அப்படித்தான் நினைத்தேன்.
மானும் மணந்து பார்த்துத்தான் வாய் வைக்கிறது,
ஒரு நாள் கிண்ணியா பஸ்ஸுக்கு நின்றபோது கண்டேன்.
கண்டும் விளங்கவில்லை.

முதல் விற்பனை நானே வாங்கியது.
இரண்டாவது, தம்பியின் போனிலிருந்து நானே.
மூன்றாவதுக்கு முன் கணக்கை முடக்கிவிட்டார்கள்.
இன்னொன்று திறந்தேன், அம்மாவின் பெயரில்.
அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது
தான் ஒரு வியாபாரி என்று.

பிறகுதான் அந்தப் பை.
போனை வைத்துக் கழுத்தில் தொங்கவிடுவது.
முப்பது மீற்றர் ஆழத்திலும் ஒரு சொட்டுப் புகாது என்று
விற்பவன் எழுதியிருந்தான்.
தமிழில் நான் அதை நாற்பது ஆக்கினேன்.
புறாத்தீவுக்குப் போகிறவர்கள் அள்ளுவார்கள் என்று கணக்கு.
வாங்கியது ஒரே ஒருவர்,
திருக்கடலூர் யோகச்சந்திரன்.

மாரிக்கு முந்திய ஒரு காலை படியேறி வந்தார்,
அரிசி டப்பாவுக்குள் புதைத்த போனோடு.
பதினொரு வருசம் குறித்துவைத்த இடங்கள் அதற்குள்:
எந்தக் கல்லடியில் விளைமீன் நிற்கும்,
எங்கே வலை கிழியும்.
"மூத்தவனுக்கும் சொல்லாத இடங்கள், பிள்ளை."

ஏச்சுக்குத் தயாராக நின்றேன். வரவில்லை.
"உங்கட பை எப்படி? அதுக்கும் தண்ணி போனதோ?"
என்னிடம் பை இல்லை என்றேன்.
தலையை ஆட்டினார்,
வலையில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்த ஆளைப்போல.
"ஒரு பைக்கு உங்களுக்கு எவ்வளவு விழும்?"
சொன்னேன்.
"நிலாவெளி ஹோட்டலுக்கு வெள்ளைக்காரரை ஏத்துற
ஓட்டோக்காரன் ஆயிரம் எடுப்பான்.
ஆனா அவன் கமிசனுக்கு ஓடுறான் எண்டு
ஏறுறவனுக்கும் தெரியும்."
டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.
நாலைந்து அரிசி படியில் கிடந்தது.

அன்றிரவு முப்பத்தெட்டு இணைப்புகளை அழித்தேன்.
விரல் நொந்தது. அந்த எண்ணிக்கை
தற்செயலாகத்தான் அப்படி வந்தது.

பை ஒன்று என் காசில் எடுத்தேன்.
உள்ளே கடதாசி மடித்து வைத்து
வாளித் தண்ணீரில் ஓர் இரவு.
விடிய, ஒரு மூலை மட்டும் ஈரம்.

இப்போது என் பக்கத்தில் இப்படி இருக்கிறது:
இதை வாங்கினால் எனக்கு முப்பத்தெட்டு ரூபாய்.
வாளியில் போட்டேன், மூலை நனைந்தது.
கடலில் போட்டவர் ஒருவர் இருக்கிறார்,
அவருடைய போன் இப்போது வேலை செய்வதில்லை.

ஒரு மாதமாக ஒருவரும் வாங்கவில்லை.

நேற்று யோகச்சந்திரன் எடுத்தார், புதுப் போனில்.
தலையில் கட்டுகிற லைற் ஒன்று பார்த்தாராம்,
மழைக்குத் தாங்குமோ?
தெரியாது என்றேன்.
"அப்ப பாத்துச் சொல்லுங்கோ."

வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.
குழாயில் தண்ணீர் இல்லை.
நாலு மணிக்குத்தான் வரும்.